நிறுத்த எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம்: மலைப் பள்ளிகளில் உந்தம் கற்பிப்பது பற்றி

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் இயக்க விதிகள். அதில் உந்தம் ஒரே வரியில் வந்துவிடுகிறது: நிறையைத் திசைவேகத்தால் பெருக்கு. ஒரு பீரியடுக்குள் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். நிறை இரட்டித்தால் உந்தம் இரட்டிக்கும், திசைவேகம் இரட்டித்தாலும் உந்தம் இரட்டிக்கும் என்று தடையில்லாமல் சொல்வார்கள். இரண்டு எண்களைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்டால் விடையும் சரியாக இருக்கும்.

அதே பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வரும் கிரிக்கெட் பந்துக்கு உந்தம் அதிகமா, சாவகாசமாக நடந்துபோகும் பெரியவருக்கு அதிகமா? பந்துக்குத்தான் என்று வகுப்பே குரல் கொடுக்கும். பந்தின் நிறை ஏறக்குறைய 160 கிராம், வேகம் விநாடிக்கு 39 மீட்டர். உந்தம் 6.2 கிகி மீ/வி. பெரியவர் 60 கிலோ, விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறார். அவருடைய உந்தம் 60. பந்தைப்போலப் பத்து மடங்கு.

துணிச்சலுள்ள பிள்ளை உடனே எழுந்து கேட்கும்: "சார், பந்து பட்டா பல்லு உடையுது. அவரு இடிச்சா ஒண்ணும் ஆகலையே?" உந்தம் பற்றிய பாடம் உண்மையில் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் பெருக்கல் கணக்குக்குப் போய்விடும் வகுப்பில், பிள்ளையின் தலைக்குள் இரண்டு உந்தங்கள் தங்கிவிடுகின்றன. ஒன்று பரீட்சைக்கு, இன்னொன்று வாழ்க்கைக்கு. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

இந்தப் பாடத்தை எப்படியெல்லாம் கற்பித்துப் பார்த்திருக்கிறார்கள், எங்கே சறுக்குகிறது, நம் ஊரில் எதைக் கொண்டு சரிசெய்யலாம் என்பதைத் திரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரை. நம் ஊர் என்று நான் சொல்வது பழனி மலையின் மேற்குப் பக்கம். மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை வரிசையில் வரும் பூண்டி. அடுக்கடுக்காக வெட்டிய சரிவுகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் மலைப்பூண்டும் விளையும் பகுதி. இங்கே வளரும் பிள்ளைகள் இயக்கத்தைச் சமவெளிப் பிள்ளைகளைவிட நெருக்கமாக அறிந்தவர்கள். மேடு ஏறத் திணறும் லாரியும், வளைவில் பிரேக் பிடிக்கும் பஸ்ஸும், சரிவில் உருளும் மூட்டையும் அவர்களுக்கு அன்றாடம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் குழப்பம் முட்டாள்தனமானது அல்ல. உலகத்தின் மிகக் கூர்மையான மூளைகள் நூறு ஆண்டுகள் இதே இடத்தில் தடுமாறின. பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த பூரிதான், எறிந்த கல்லுக்குள் ஓர் உந்துதல் குடியேறுகிறது, கல்லில் உள்ள பொருளின் அளவும் அதன் வேகமும் கூடக்கூட அது கூடும் என்றார். 1644இல் தெகார்த் தம் நூலில், உலகத்தில் உள்ள மொத்த இயக்கத்தின் அளவு மாறாது, அது பருமனையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்று எழுதினார். அருமையான எண்ணம். ஆனால் அவர் திசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் மோதல்களுக்கு அவர் எழுதிய விதிகளில் பெரும்பாலானவை தவறாகிவிட்டன. சும்மா நிற்கும் பெரிய பொருளைச் சின்னப் பொருள் எவ்வளவு வேகமாக மோதினாலும் பெரியது அசையவே அசையாது என்பது அவற்றில் ஒன்று. நம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறார்கள். லண்டன் ராயல் சொசைட்டி கேட்டுக்கொண்டதன் பேரில் 1668, 1669 ஆண்டுகளில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் மோதலை ஆராய்ந்தார்கள். திசைக்குக் கூட்டல் கழித்தல் குறி கொடுத்தால்தான் மொத்தம் மாறாமல் நிற்கும் என்பது அப்போதுதான் துலங்கியது.

அத்துடன் சண்டை ஓயவில்லை. 1686இல் லைப்னிட்ஸ் வந்து, இயக்கத்தின் உண்மையான அளவு வேகத்தை அல்ல, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார். நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது இரண்டு மடங்கு வேகத்தில்தான் வரும். ஆனால் அதை மீண்டும் தூக்கி வைக்க நான்கு மடங்கு உழைப்பு வேண்டும். அப்படியானால் வேகம் இரட்டித்தபோது உள்ளே இருந்த ஏதோ ஒன்று நான்கு மடங்காகியிருக்க வேண்டும் அல்லவா? 1720களில் ஹாலந்தின் ஸ்கிராவசாண்ட் பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரட்டித்தால் குழி நான்கு மடங்கானது. எமிலி தூ ஷாத்லே 1740இல் வெளியிட்ட தம் நூலில் லைப்னிட்ஸின் பக்கம் நின்று வாதாடினார். இரண்டு கட்சியும் சரி, ஒரு கட்சி விசை செயல்பட்ட நேரத்தை அளக்கிறது, மற்றது விசை செயல்பட்ட தூரத்தை அளக்கிறது என்று தெளிவதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் பாதி போய்விட்டது.

பல் உடையும் என்று சொன்ன பிள்ளை நிற்பது இந்த இடத்தில்தான். அது லைப்னிட்ஸ் கட்சி. பந்தின் உந்தம் குறைவு, இயக்க ஆற்றல் அதிகம்: பந்துக்கு ஏறக்குறைய 120 ஜூல், நடக்கும் பெரியவருக்கு 30 ஜூல். போதாததற்கு அந்த 120 ஜூலும் காசளவு இடத்தில், கண் இமைக்கும் நேரத்தில் இறங்குகிறது. பிள்ளை பார்த்தது உண்மை, அதற்குக் கொடுத்த பெயர்தான் தவறு.

கல்லூரி மாணவர்களுக்கும் இதே கதிதான் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. 1987இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாசனும் மெக்டர்மட்டும் ஒரு சோதனையைப் பதிவு செய்தார்கள். உராய்வின்றி நழுவும் இரண்டு வட்டுகள், ஒன்று கனம், மற்றது லேசு. இரண்டையும் ஒரே விசையால் ஒரே தூரத்துக்குத் தள்ளினால் எதற்கு உந்தம் அதிகம், எதற்கு ஆற்றல் அதிகம்? பாடத்தை முடித்த மாணவர்களில் பலர், கனமானது மெதுவாகப் போகும், லேசானது வேகமாகப் போகும், ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும், ஆகவே உந்தம் சமம் என்றார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் தவறு. தூரம் ஒன்றாக இருப்பதால் சமமாவது ஆற்றல். கனமான வட்டு அந்தத் தூரத்தைக் கடக்க அதிக நேரம் எடுக்கிறது, அவ்வளவு நேரமும் விசை அதன் மேல் இருக்கிறது, அதனால் அதற்கே உந்தம் அதிகம். பெருக்கல் வாய்பாடு தெரிந்தவர்கள்தான் இப்படித் தவறினார்கள் என்பதை நம் ஆசிரியர்கள் மனத்தில் வைக்க வேண்டும். 1998இல் ஹேக் வெளியிட்ட ஆய்வு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் இயக்கவியல் தேர்வுகளை ஒப்பிட்டது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த வகுப்புகளைவிட, கேள்விக்கு முன்கூட்டியே விடை ஊகித்து, பக்கத்துப் பிள்ளையோடு வாதாடி, செய்துபார்த்த வகுப்புகளில் முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணினி வசதியுள்ள பள்ளிகளில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் மோதல் மாதிரியை இறக்கி வைத்துக்கொள்ளலாம், இணையம் இல்லாமலும் ஓடும். திரையில் பார்ப்பது கையால் செய்வதற்கு அடுத்த படி என்பது என் எண்ணம், முந்திய படி அல்ல.

இனி நம் பள்ளிகளில் அதிகம் புழங்கும் செய்முறைக்கு வருவோம். ஒரு பள்ளம் போட்ட மர அளவுகோலைச் சாய்த்து வைத்து, கோலிக்குண்டை உருட்டிவிட்டு, கீழே வைத்த தீப்பெட்டி எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளப்பது. பெரிய குண்டு அதிகம் தள்ளும், உயரத்திலிருந்து வரும் குண்டு அதிகம் தள்ளும். ஆகவே உந்தம் நிறையையும் வேகத்தையும் பொறுத்தது என்று முடிக்கிறோம். இதில் எனக்கு உள்ள மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். அந்தச் செய்முறை உந்தத்தை அளப்பதில்லை. தீப்பெட்டி நகரும் தூரம் குண்டின் வேகத்தைப் பொறுத்தல்ல, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. போதாததற்கு, அளவுகோலின் உயரத்தை இரட்டித்தால் வேகம் இரட்டிப்பதில்லை, 1.4 மடங்குதான் ஆகிறது. உயரம் இரட்டித்தது, தூரம் இரட்டித்தது என்று பிள்ளை குறித்துக்கொள்ளும். ஆசிரியர் அதை, வேகம் இரட்டித்தது, உந்தம் இரட்டித்தது என்று படித்துக் காட்டுவார். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சரியான விடையைப் போலத் தோன்றும். ஆசையோடு அளந்த பிள்ளைக்கு இது நியாயமல்ல. அந்தச் செய்முறையை வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் பாடத்துக்கு அது பொருத்தமானது.

உந்தத்துக்கு நியூட்டன் கையாண்ட முறை இருக்கிறது. 1687இல் வெளிவந்த பிரின்சிப்பியாவில், ரென் செய்துகாட்டிய சோதனையை ஒட்டித் தாம் செய்த ஊசல் மோதல்களை அவர் விவரிக்கிறார். இறுகச் சுற்றிய கம்பளி நூல் உருண்டை, எஃகு, தக்கை, கண்ணாடி என்று பலவகைக் குண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு மோதவைத்திருக்கிறார். ஊசலுக்கு ஓர் அருமையான குணம் உண்டு. நடுவிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு இழுத்துவிடுகிறோமோ, அடிப்புள்ளிக்கு வரும்போது வேகமும் அதே விகிதத்தில் இருக்கும். இரண்டு மடங்கு இழுத்தால் இரண்டு மடங்கு வேகம். ஒரு மீட்டர் நூலில் முப்பது சென்டிமீட்டர் வரை இழுத்தாலும் பிழை ஓரிரு சதவீதத்துக்குள்தான். நிறுத்துக் கடிகாரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், அளவுகோல் ஒன்றே வேகமானியாகிவிடுகிறது.

பூண்டியில் குண்டு தேடவும் வேண்டாம். உருளைக்கிழங்கு போதும். கடைத் தராசில் 100 கிராமிலும் 200 கிராமிலும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம், கொஞ்சம் கூடினால் கத்தியால் சீவிச் சரிசெய்யலாம். ஒவ்வொரு கிழங்கையும் ஒற்றை நூலில் கட்டினால் சுழன்று ஆடும். ஆகையால் இரண்டு நூல்களில், மேலே அகன்றும் கிழங்கின் அருகே சேர்ந்தும் இருக்கும்படி கட்ட வேண்டும். இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு கழியைப் போட்டு, கிழங்குகள் ஒன்றையொன்று லேசாகத் தொடும்படி தொங்கவிடுங்கள். ஒன்றில் இரண்டு குண்டூசிகளைக் கூர்முனை வெளியே நீட்டும்படி செருகிவிட்டால், மோதியதும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கீழே அளவுகோல்.

சம எடையுள்ள இரண்டு கிழங்குகளில் ஒன்றை 20 சென்டிமீட்டர் இழுத்துவிட்டால், ஒட்டிக்கொண்ட ஜோடி மறுபக்கம் 10 சென்டிமீட்டர் போகும். நிறை இரட்டித்தது, வேகம் பாதியானது. அடுத்து 200 கிராம் கிழங்கை 15 சென்டிமீட்டர் இழுத்து 100 கிராம் கிழங்கின் மேல் விடுங்கள். ஜோடி 10 சென்டிமீட்டர் போகும். இப்போது மாற்றி, 100 கிராமை 30 சென்டிமீட்டர் இழுத்து 200 கிராமின் மேல் விடுங்கள். விடுவதற்கு முன் பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். பாதி வகுப்பு, வேகமாக வருகிறது, அதிகம் தள்ளும் என்னும். மீதிப் பாதி, கிழங்கு சின்னது, தள்ளாது என்னும். மறுபடியும் 10 சென்டிமீட்டர்தான் வரும். நிறையும் திசைவேகமும் உந்தத்தில் சம உரிமை உள்ளவை என்பதை இதைவிடக் கண்முன் காட்ட எனக்குத் தெரிந்து வழி இல்லை. பாதி நிறை, இரட்டை வேகம், விளைவு ஒன்றே.

அங்கேயே நிறுத்தாமல் கிழங்குகளைப் பிரித்து ஊசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லலாம். சின்னக் கிழங்கு வேகமாக வந்தபோது அதன் ஆற்றல் பெரிய கிழங்கு மெதுவாக வந்தபோது இருந்ததைப்போல இரண்டு மடங்கு. ஜோடியின் வேகம் ஒன்றே என்பதால், மிஞ்சிய ஆற்றல் கிழங்கைக் குத்துவதிலும் நசுக்குவதிலும் போயிருக்க வேண்டும். பல் உடைந்த கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது.

கடைசியாக, இரண்டு சமக் கிழங்குகளையும் எதிரெதிர்ப் பக்கம் ஒரே அளவு இழுத்து ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். இவ்வளவு ஓட்டம் எங்கே போனது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெகார்த்தைத் திணறடித்தது இதுதான். வலப்பக்கம் கூட்டல் என்றால் இடப்பக்கம் கழித்தல், முதலிலேயே மொத்தம் பூஜ்யம். திசையைப் பற்றி இந்த மலையிலேயே சொல்ல ஒரு பெருமையான செய்தி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். நிறமாலைக் கோடு ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் நீலத்தை நோக்கியும் நகர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அவர் திசையைச் சொன்னார். வேகத்தின் அளவு மட்டும் கிடைத்து குறி கிடைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை.

இனி மலைப்பாதை. நேரத்தையும் தூரத்தையும் பிரித்துக் காட்ட இதற்கு நிகரான கரும்பலகை கிடையாது. பத்து டன் பஸ் ஒன்று விநாடிக்குப் பத்து மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. உந்தம் ஒரு லட்சம் கிகி மீ/வி. பிரேக் 50,000 நியூட்டன் விசை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்க இரண்டு விநாடி, பத்து மீட்டர். அதே பிரேக் விசையில் பஸ்ஸின் நிறையை இரட்டித்தால் நான்கு விநாடி, இருபது மீட்டர். நிறையை அப்படியே விட்டு வேகத்தை இரட்டித்தால் நான்கு விநாடி, நாற்பது மீட்டர். கரும்பலகையில் இந்த மூன்று வரிகளை எழுதிவிட்டு ஆசிரியர் கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாம். நேரத்தை மட்டும் பார்த்தால் நிறையும் வேகமும் சமம், அது உந்தம். தூரத்தைப் பார்த்தால் வேகத்தின் கை ஓங்குகிறது, அது ஆற்றல். கொண்டை ஊசி வளைவுக்கு முன் இருப்பது தூரம், நேரம் அல்ல. அதனால்தான் வேகத்தைப் பற்றி டிரைவர்கள் அத்தனை கவலைப்படுகிறார்கள்.

கவனமுள்ள பிள்ளை இங்கே ஒரு சந்தேகம் எழுப்பலாம், ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். சமதரையில் டயரின் பிடிமானம் சுமை கூடக்கூடத் தானும் கூடும். எனவே பிரேக் நன்றாக இருந்தால், சுமை ஏற்றிய லாரியும் காலி லாரியும் நிற்கும் தூரத்தில் நாம் நினைக்கும் அளவு வித்தியாசம் இருக்காது. அப்படியானால் பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் ஏன் ஆபத்து? ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கும் லாரி 1,800 மீட்டர் கீழே வருகிறது. மேலே நின்றுகொண்டிருந்தபோது உந்தம் பூஜ்யம், கீழே போய் நின்றபோதும் பூஜ்யம். உந்தக் கணக்கில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆனால் பத்து டன் வண்டி அந்த இறக்கத்தில் இழந்த ஆற்றல் 17 கோடி ஜூலுக்கு மேல், ஏறக்குறைய நான்கு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் வரும் வெப்பம். பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் இதில் பெரும்பகுதி பிரேக் டிரம்மில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று மூத்த டிரைவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. எஞ்சின் தடுக்கும்போது அந்த வெப்பத்தில் ஒரு பங்கு டிரம்முக்குப் போகாமல் எஞ்சின் வழியாக வெளியேறுகிறது. இந்தப் பிள்ளைகளில் பலரின் அப்பாவோ மாமாவோ கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர். ஒருநாள் அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம்.

இன்னொரு தவறான எண்ணம் மிகப் பிடிவாதமானது: மோதலில் பெரியது சின்னதை அதிக விசையோடு அடிக்கும் என்பது. 1992இல் ஹெஸ்டினெஸும் அவருடைய சகாக்களும் தயாரித்த விசைக் கருத்துத் தேர்வில், லாரியும் காரும் மோதுவதை வைத்து இதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. நம் மலையில் காட்டுமாட்டை வைத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும், ஏனென்றால் இங்கே அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ, வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர். இருட்டில் நடுரோட்டில் நிற்கும் காட்டுமாடு 800 கிலோ. மாட்டின் உந்தம் பூஜ்யம். மோதியபின் இரண்டும் சேர்ந்து நகர்வதாக வைத்துக்கொண்டால் வேகம் விநாடிக்கு இரண்டு மீட்டர். பைக் இழந்த உந்தம் 1,600, மாடு பெற்ற உந்தம் 1,600. விசையும் சமம், நேரமும் சமம். ஆனால் பைக்கின் வேகம் விநாடிக்கு எட்டு மீட்டர் மாறியிருக்கிறது, மாட்டின் வேகம் விநாடிக்கு இரண்டே மீட்டர். உடம்பை நொறுக்குவது வேகத்தில் வரும் அந்த மாற்றம். காயம் சமமில்லை என்பதால் விசையும் சமமில்லை என்று நினைக்கிறோம். இதே உண்மையைச் சிரித்துக்கொண்டே கற்க வேண்டுமானால், சமதளத்தில் இரண்டு பேரிங் வண்டிகளில் ஒரு குண்டுப் பையனையும் ஒல்லிப் பையனையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் மட்டும் மற்றவரின் கையைத் தள்ளச் சொல்லுங்கள். யார் தள்ளினாலும் ஒல்லிப் பையன்தான் வேகமாகப் பின்னால் போவான்.

செய்து கற்பது நம் நாட்டில் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் நடந்து 2002இல் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்கள் மூலம் எளிய செய்முறைகளைக் கொண்டுபோகிறது. இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. உந்தம் வருவது பத்தாம் வகுப்பில், அந்த வகுப்போ பொதுத்தேர்வின் பிடியில் இருக்கிறது. என் யோசனை, ஊசல் கிழங்கை எட்டாம் வகுப்பிலேயே வாய்பாடு இல்லாமல் செய்யவிடுவது. உந்தம் என்ற பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் அளந்து, அட்டவணை போட்டு, நிறையையும் இழுத்த தூரத்தையும் பெருக்கினால் முன்னும் பின்னும் ஒரே எண் வருகிறது என்று தாங்களே பார்க்கட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்துப் புத்தகம் அதற்குப் பெயர் வைக்கும்போது, அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருக்கும்.

தேர்வும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். கேட்கப்படுவதைத்தான் ஆசிரியர்கள் நடத்துவார்கள், அதில் அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. உந்தத்தின் வரையறை கேட்கும் இடத்தில் இப்படி ஒன்றைக் கேட்கலாம்: நான்கு டன் மினி லாரி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்திலும், எட்டு டன் லாரி விநாடிக்கு 5 மீட்டர் வேகத்திலும் பூண்டியிலிருந்து வருகின்றன. இரண்டின் பிரேக்கும் ஒரே விசையைக் கொடுத்தால், எது நிற்க அதிக நேரம் எடுக்கும், எது அதிக தூரம் போகும், ஏன்? ஐந்து மதிப்பெண். கணக்குக்கு இரண்டு, காரணத்துக்கு மூன்று.